இரண்டு இடத்தில் எழுதிய அகலம்

யாரையும் நம்பாமல் முன்னுக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு ஒத்துவராமல் போயிற்று. அதன் பிறகு சைக்கிளின் பின்னால் கோணிப்பையில் கீல்களைக் கட்டிக்கொண்டு தச்சுப்பட்டறை தச்சுப்பட்டறையாக ஏறி இறங்கினேன். இன்றைக்குக் கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, பூட்டு என்று கதவுக்கு வேண்டிய எதைக் கேட்டாலும் என் கடைப் பக்கம்தான் கை காட்டுவார்கள். முன்னால் கடை, பின்னால் குடோன், மேலே வீடு. எல்லாம் இந்தக் கையால் வந்தது. லாரியிலிருந்து இறங்கும் பெட்டியை எடை போடாமல் நான் உள்ளே விட்டதில்லை. எடை சரியாக இருந்தால் தராசைச் சந்தேகப்படுவேன்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்து, எனக்கே பதிலுக்குப் பதில் சொல்லி, இன்னும் தாக்குப்பிடிக்கிற ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவளுக்கு நான் வைத்த பெயர் கட்டக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனி அலுவலகத்தில் இருந்தாள். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் காட்டும் பக்கங்களைச் செய்வது அவள் வேலை. என் மகனுக்குக் கப்பலில் உத்தியோகம். கல்யாணம் முடிந்த சூட்டோடு அவன் கப்பலேறிவிட்டான். இவள் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினாள். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொள்வாள். வறுத்த கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொறிப்பாள். பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பாள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர்களிடம் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். பொய் சொல்லத் தெரிந்தவன்தான் அப்படிப் பழகி வைத்திருப்பான்.

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுடைய அண்ணன் வேறு ஊரில் கதவுச் சாமான் கடை வைத்திருக்கிறான். நான் விற்கிற அதே சரக்கைத்தான் அவனும் விற்கிறான், எனக்குப் போட்டியாக.

எங்கள் கடைக்குப் பகலெல்லாம் போன் வந்துகொண்டே இருக்கும். பித்தளைக் கீல் இருக்கிறதா, பெரிய தாழ்ப்பாள் எப்போது வரும் என்று ஒரே கேள்வி. என் மனைவிதான் எடுத்துப் பதில் சொல்வாள். ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கட்டக்காரி உட்கார்ந்தாள். சாயங்காலம் என் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, இவங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. பொருள், அளவு, பெட்டிக்கு எத்தனை, விலை, இருப்பு. இந்த அஞ்சையும் ஒரு பக்கத்துல போட்டுட்டா அவங்களே பாத்துக்குவாங்க. அத்தை தொண்டையும் பிழைக்கும்."

"ஊருக்கே என் சரக்கைத் திறந்து காட்டச் சொல்றியா?"

"கடை வாசல்ல அடுக்கித்தானே வெச்சிருக்கீங்க? அதுக்கு மேல என்ன திறக்கறது?"

பதில் சரிதான். அதனாலேயே பிடிக்கவில்லை. ஆனாலும் என் மனைவி குரல் இல்லாமலே கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டதால் ஒத்துக்கொண்டேன். மாடியில் பழைய பெட்டிகள் கிடந்த அறையை ஒழித்து, கைப்பிடிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்தாள். பக்கம் வந்தது. அழகாகத்தான் வந்தது. கல்லாவில் இருக்கும் என் பழைய கம்ப்யூட்டரிலும் கோடு பிசகாமல் நின்றது, மற்றவர்கள் கையில் இருக்கும் புது போனிலும் நின்றது. போன் மணி குறைந்தது. ஒரு பொருள் தீர்ந்துபோனால் கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று வரும். வாங்க வருகிறவன் வீணாக வண்டி எடுத்து வர வேண்டாம்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில் போடும் ஏற்பாடு அதில் மட்டும்தான் ஓடும். புதிது வாங்கச் சொல்லி எல்லாரும் நச்சரித்தார்கள். ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட நான் என்ன அரசாங்கமா? என்னிடம் சரக்கு எடுக்கும் சின்னக் கடைக்காரர்களில் பாதிப் பேர் என் ஜாதி மெஷின்தான் வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக ஓடியதுதான் எனக்குச் சந்தேகம். அதற்கு எண்ணெய் ஊற்றியவன் என் மனைவியின் தம்பி. கடையில் இருப்பைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கொஞ்சம் கம்ப்யூட்டரும் தெரியும், கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நிறையப் பேசவும் தெரியும். ஒரு மத்தியானம் கல்லாப் பக்கம் வந்து காதோரம் குனிந்தான்.

"அத்தான், ஒரு நிமிஷம். இந்தப் பக்கத்தோட உள்பக்கம் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?"

"உள்பக்கம்னு வேற ஒண்ணு இருக்கா?"

ஏதோ ஒரு பட்டனை அழுத்தினான். கட்டங்கள் மறைந்து எழுத்துக் கூட்டமாக ஒன்று வந்தது. எழுத்து எனக்குப் புரியவில்லை. எண் புரியும். எண்ணை வைத்துப் பிழைத்தவன் நான்.

"இது பொருள் கட்டத்தோட அகலம், முந்நூறு. இங்க கீழ பாருங்க, அதே கட்டத்துக்கு நாப்பது சதவீதம். இருப்புக் கட்டத்துக்கும் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ஒரே கட்டத்துக்கு எதுக்கு அத்தான் ரெண்டு அளவு? அதுவும் வேற வேற அளவு?"

இரண்டு எண்ணின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் எழுதுகிறவன் எதற்காக எழுதுகிறான் என்று வியாபாரிக்குத் தெரியாதா? ஒன்று காட்டுவதற்கு, ஒன்று வைத்துக்கொள்வதற்கு. எனக்குக் கல்லாவில் ஒரு பக்கம், அண்ணன்காரனுக்கு அவன் ஊரில் வேறொரு பக்கம் என்று மனசு ஓடியது.

"என் சிநேகிதன் கம்பெனி இருக்கு அத்தான். வேற ஒரு கடைக்கு இதே மாதிரி விலைப் பக்கம் செஞ்சு கொடுத்திருக்காங்க. ஒரே அளவுதான் எழுதுவாங்க. சுத்தமா செய்வாங்க" என்றான் மச்சான்.

மாடிக்குப் போனேன். கட்டக்காரி கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டத்துக்கு எதுக்கு ரெண்டு அகலம்?"

அவள் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

"ஒண்ணு பழைய பிரவுசருக்கு, ஒண்ணு புதுசுக்கு, மாமா."

"பிரவுசர்னா?"

"பக்கத்தைத் திறந்து காட்டுற ஜன்னல்னு வெச்சுக்கங்க. உங்க கல்லா மெஷின்ல இருக்கறது பழசு. கட்டத்து மேலேயே எழுதின அகலத்தைத்தான் அதுக்குப் படிக்கத் தெரியும். புதுசு, தனியா ஸ்டைல்னு ஒரு இடத்துல எழுதறதைக் கேக்கும். ரெண்டும் இருந்தா ஸ்டைல் சொல்றதுதான் அதுக்குச் சட்டம். பழசுக்கு ஸ்டைல் பாதி புரியாது, விட்டுட்டுப் போயிடும்."

"அப்ப ரெண்டுலயும் ஒரே அளவை எழுத வேண்டியதுதானே?"

"உங்க மெஷின் திரை எப்பவும் ஒரே அகலம். திரையே புள்ளி புள்ளியா ஆனதுதான், அதனால முந்நூறு புள்ளின்னு எண்ணிச் சொல்லிடலாம். போன் ஒண்ணு குட்டி, ஒண்ணு பெரிசு. அதுக்கு எண்ணிச் சொன்னா பத்தாது, மொத்தத்துல இவ்வளவு பங்குன்னு சொல்லணும்." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீங்க விக்கற கீல் பெட்டியில மரக்கதவுக்கு ஒரு ஸ்க்ரூ, இரும்புக் கதவுக்கு ஒரு ஸ்க்ரூன்னு ரெண்டும் போட்டுத்தானே தர்றீங்க? அது என்ன, திருட்டா?"

"அது எனக்குத் தெரிஞ்ச ஸ்க்ரூ. இது எனக்குத் தெரியாது. ஒண்ணை எடு."

"எதை?"

"புதுசை. எனக்குப் புள்ளிக் கணக்கு போதும்."

அவள் முகம் மாறியது. கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்தா போன்ல கெட்டுப்போகும் மாமா. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"கெட்டுப்போனா பக்கத்தை மச்சானோட சிநேகிதன் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். நீ உன் பாட்டுக்கு இருக்கலாம்."

"என் பாட்டுக்குன்னா? உங்க பிள்ளை எந்தக் கடல்ல இருக்காரோ தெரியாது. சமையல் அத்தையோடது, கடை உங்களோடது. இந்த வீட்டுல நான் செஞ்சு ஓடறது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கறதுன்னா நேரா சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க."

எனக்கு முன்னால் இப்படிப் பேசியவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் நானும் பின்வாங்குகிறவன் இல்லை. "எடு" என்றேன். எடுத்தாள்.

கல்லா மெஷினில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தொப்பிக்காரர் வந்தார். பெரிய பெரிய கட்டடம் கட்டும் கான்ட்ராக்டர், வெயிலோ மழையோ தலையில் தொப்பி இல்லாமல் பார்க்க முடியாது. கூடவே ஒரு வெறும் லாரி.

"கனமான கீல் எல்லாத்தையும் ஏத்தச் சொல்லுங்க. கதவெல்லாம் சுவர்ல சாஞ்சு நிக்குது, தச்சனுங்க சும்மா உக்காந்திருக்கானுங்க."

"அது தீந்துபோச்சே! பக்கத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கே, பாக்கலையா?"

"எந்தப் பக்கத்துல?" போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். பொருள் இருந்தது, அளவு இருந்தது, பெட்டிக்கு எத்தனை என்பது பாதி இருந்தது. அதோடு திரை முடிந்துவிட்டது. விலையும் இருப்பும் வலது பக்கம் வெளியே போய்விட்டன. விரலால் பக்கத்தைத் தள்ளிப் பார்த்தால்தான் வரும். அட்டவணை முழுவதும் என் கல்லா மெஷின் அகலத்துக்கு அப்படியே நீட்டிப் படுத்திருந்தது.

"முன்னெல்லாம் இருப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சே. எங்க ஒளிச்சு வெச்சீங்க? இல்லாததை இருக்கற மாதிரி காட்டி வரவழைக்கற வேலையா?"

என்னைப் பார்த்து, என் கடையில் நின்றுகொண்டு, அப்படிக் கேட்டார். என்னைச் சந்தேகப்படுவதா? எத்தனை பேரைச் சந்தேகப்பட்டவன் நான்! வெறும் லாரியோடு அவர் திரும்பிப்போன பிறகு மாடியேறினேன்.

"வேணும்னே செஞ்சே."

"நான்தான் அப்பவே சொன்னேனே மாமா."

"சொல்லிட்டுச் செஞ்சா வேணும்னு செய்யலைன்னு ஆயிடுமா? இப்ப மாத்து. ஸ்டைல்னியே, அதைத் திரும்பப் போடு. பழசை எடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"அதுவும் கெடும்."

"கெடட்டும். எப்படிக் கெடுதுன்னு நான் பாக்கணும்."

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டே செய்தாள். என் மனைவியின் போனில் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. கீழே இறங்கிக் கல்லாவில் பார்த்தால் தலை சுற்றியது. அகலம் சொல்ல ஆளில்லாததால் பழைய பிரவுசர் தன் இஷ்டத்துக்குப் பங்கு போட்டிருந்தது. துருப்பிடிக்காத இரட்டைமடிப்புக் கீல் என்று எங்களிடம் ஒரு நீளமான பெயர் உண்டு. அதை அவள் இடைவெளி விடாமல் எழுதியிருந்தாள். அந்த ஒரு பெயருக்காகப் பொருள் கட்டம் வீங்கிப்போய், அளவும் பெட்டிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இருப்பு திரையை விட்டே ஓடியிருந்தது. சின்னக் கடைக்காரர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. என் மனைவி எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நீங்க சந்தேகப்படறதுக்கு என் தொண்டையா கிடைச்சுது?" என்றாள்.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால், சரி, பெண் சொன்னது உண்மைதான் என்று விட்டிருப்பான். நான் விடவில்லை. கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தேன், யார் கெடுத்தார்கள் என்று பார்க்கவில்லையே? அவள் கையில் வித்தை இருந்தால் எப்படி வேண்டுமானாலும் கெடுத்துக் காட்டலாம். பூட்டு விற்கிறவன் நான். ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி வந்தால், எந்தச் சாவி எதைத் திறக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் திருகிப் பார்ப்பேன். அதையே இங்கேயும் செய்ய முடிவு செய்தேன். இந்த யோசனை எந்தப் படித்தவனும் சொல்லிக் கொடுத்ததல்ல.

சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கினேன். கல்லா மெஷின் பக்கத்தில் என் மனைவியின் போனைச் சாய்த்து வைத்தேன். கட்டக்காரியின் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவரச் சொன்னேன். மச்சானையும் நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டு அளவையும் திரும்பப் போடு. போட்டுட்டுக் கையை எடு. இனிமே அத்தை தட்டுவா."

"நானா?" என்றாள் என் மனைவி. "எனக்கு டிவி ரிமோட்டே தகராறு."

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு ஏமாத்தத் தெரியாது."

"தெரியாமலா உங்களோட இத்தனை வருஷம் ஓட்டினேன்?" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

முதலில் பழைய அகலம். முந்நூறை ஐந்நூறு ஆக்கச் சொன்னேன். கட்டக்காரி இடத்தை மட்டும் காட்டினாள். என் மனைவி ஒற்றை விரலால் கோழி கொத்துவது போல் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தினாள். பக்கத்தைத் திரும்பத் திறந்தோம். கல்லா மெஷினில் பொருள் கட்டம் பலூன் மாதிரி விரிந்தது. போனில் ஒரு நூல் அசையவில்லை. பழையபடி முந்நூறு ஆக்கிவிட்டு, ஸ்டைலில் இருந்த நாற்பது சதவீதத்தை அறுபது ஆக்கினோம். போனில் விரிந்தது. கல்லா மெஷின் கல் மாதிரி நின்றது.

"இன்னொரு தடவை" என்றேன்.

"சாப்பாடு ஆறுதுங்க."

"ஆறட்டும்."

இன்னொரு தடவையும் அப்படியே நடந்தது. இந்தச் சாவி இந்தப் பூட்டுக்கு, அந்தச் சாவி அந்தப் பூட்டுக்கு. நடுவில் வேறு ஒருவருக்கும் சாவி இல்லை. அண்ணன்காரனுக்கு என்று ஒரு தனிப் பக்கம் இதில் எங்கேயும் கிடையாது.

மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் என் சந்தேகம் அப்படி வெறும் கையோடு வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை. மெதுவாகத் திரும்பினேன்.

"மச்சான், உன் சிநேகிதன் கம்பெனி யாருக்கோ இதே மாதிரி விலைப் பக்கம் செஞ்சு கொடுத்திருக்குன்னியே. அதை இந்த மெஷின்ல திற பாப்போம்."

"அது... இப்ப எதுக்கு அத்தான்?"

"ஒரே அளவுதான் எழுதுவாங்க, சுத்தமா செய்வாங்கன்னியே. சுத்தத்தைப் பாக்கலாம்னுதான்."

திறந்தான். பெயரெல்லாம் ஒரு பக்கம் குவிந்து, விலையெல்லாம் ஒரு பக்கம் சிதறி, சாக்கு கிழிந்து ஆணி கொட்டின மாதிரி இருந்தது. மச்சான் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இந்த மெஷினை மாத்தணும் அத்தான்" என்றான்.

"மெஷின் அப்படியே இருக்கும். உன் சிநேகிதனை மாத்து."

கட்டக்காரி அதுவரை சிரிக்கவில்லை. அப்போதும் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"சரி, பக்கம் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். பெரிய மனசோடு சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

"அப்படிச் சும்மா வேணாம் மாமா."

"பின்னே?"

"கட்டம் கோணாம நிக்குது, சரி. அதுக்குள்ள நான் எழுதற 'இருக்கு', 'இல்லை' யார் சொல்றது? இதோ நிக்கற சின்ன மாமா வாயால சொல்றாரு, நான் எழுதறேன். போன வாரம் பித்தளைத் தாழ்ப்பாள் இருக்குன்னாரு. வாங்க வந்தவர் வெறுங்கையோட போனாரு. தப்பு நடந்தா பேர் என் பக்கத்துக்குத்தான். குடோனுக்கு எனக்கு ஒரு சாவி வேணும். நானே பாத்து எழுதறேன். இல்லைன்னா இதை நீங்க யாருக்கு வேணும்னாலும் கொடுத்துக்கங்க."

மச்சான், "சாவியா?" என்று கத்தினான். அவன் கத்தின வேகம்தான் என்னை யோசிக்க வைத்தது.

குடோன் சாவியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பெற்ற மகனுக்கே கொடுத்ததில்லை. காலையில் நானே திறப்பேன், மச்சான் நான் பார்க்கப் பார்க்க உள்ளே போய் வருவான், சாயங்காலம் நானே பூட்டுவேன். கட்டக்காரி நேராக என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். சண்டை போடாமல், கெஞ்சாமல், அழாமல் நின்றாள். என்னிடம் சரக்கு வாங்க வருகிறவன் இப்படி நின்றால் அவனிடம் பேரம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடையிலேயே நல்ல சாவி போடும் மெஷின் இருக்கிறது. நானே போட்டேன், நானே அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன். வாங்கியவள் குடோன் கதவுக்குப் போய்ப் பூட்டில் நுழைத்துத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

"என்ன, என் சாவியையே சோதிக்கறியா?"

"உங்க வீட்டு மருமகதானே மாமா."

அன்றைக்கே கல்லாப் பெட்டியின் பூட்டை மாற்றினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நல்ல பூட்டா போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கடலையைக் கொறித்துக்கொண்டு குடோனுக்குள் போனாள். அந்த வாரமே இருப்புக் கட்டத்தில் சில 'இருக்கு' எல்லாம் 'இல்லை' ஆயின. மச்சான் இப்போது முன்னால் நின்று பில் மட்டும் போடுகிறான். தொப்பிக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தார், அப்புறம் லாரியை அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால் போனில் இருப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாராம்.

கல்லா மெஷினையும் என் மனைவியின் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக ஒத்துப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை. குடோனுக்குள் போய் அலமாரியையும் பார்ப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை பார்ப்பேன் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். "பாருங்க மாமா, அதுக்குத்தானே ரெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்கேன்" என்கிறாள்.